வெல்லாவெளியில் ஒரு தூணும் நான்கு செக்கன்களும்

என் வீட்டு மொட்டை மாடியில் தொலைநோக்கிக்கு ஓர் அறை கட்டலாமா என்று வானம் பார்ப்பவர்களின் இணையக் குழுவொன்றில் கேட்டிருந்தேன். "கட்ட முதல் ஒருக்கா இங்க வந்து பாருங்க" என்று பதில் எழுதியவர் தேவகி. நீர்ப்பாசன அலுவலகமொன்றில் படவரைஞர். வெல்லாவெளிக்கு அருகே, வட்டை என்று அங்கே சொல்லும் வயல்வெளியின் ஓரமாக, சொந்தச் செலவில் ஒரு சிறிய அவதான நிலையம் கட்டியிருக்கிறார். ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை வரச் சொன்னார். அன்று மாலை 7.52க்கு ஒரு சிறுகோள் ஒரு நட்சத்திரத்தை நான்கு செக்கன்கள் மறைக்கும் என்பது கணிப்பு; சிறுகோளின் நிழல் விழும் ஒடுங்கிய பாதையில் நிற்பவர்களுக்கு மட்டும் அது தெரியும். தன் தலைக்கு மேல் அப்படி ஒன்று நடக்க அவர் மூன்று வருடம் காத்திருந்தவர்.

வவுனியாவில் அதிகாலை 5.15க்கு பஸ் ஏறினேன். மட்டக்களப்பில் இறங்க 10.50. அங்கிருந்து களுவாஞ்சிக்குடிக்கு இன்னொரு பஸ், ஒரு மணித்தியாலம், 130 ரூபாய், இருக்கை கிடைக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு ஓட்டோ பிடித்தேன். பட்டிருப்புப் பாலத்தால் வாவியைக் கடந்தால் இருபுறமும் அறுவடை வயல். "என்ன விசயமா வெல்லாவெளிக்கு?" என்றார் ஓட்டோக்காரர். நட்சத்திரம் பார்க்க என்றேன். "அது களுவாஞ்சிக்குடியிலயும் தெரியும்தானே," என்றார். 1,400 ரூபாய் வாங்கிக்கொண்டு 2.20க்கு இறக்கிவிட்டார்.

நிலையம் என்றதும் வெள்ளைக் கோளக்கூரை ஒன்றை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பத்துக்குப் பத்தடி கல் அறை. தகரக் கூரை முழுவதும் தள்ளு கேற்றுக்குப் பூட்டும் சக்கரங்களில் ஏறி நிற்கிறது. தள்ளினால் தெற்குப் பக்கம் ஓடி, அறை வானத்துக்குத் திறந்துவிடும். வடக்குச் சுவர் மட்டும் இடுப்பளவு. துருவ நட்சத்திரம் இந்தப் பகுதியில் அடிவானத்திலிருந்து எட்டுப் பாகை அளவுதான் ஏறும், தொலைநோக்கியின் அச்சை அதைப் பார்த்துத்தான் நேராக்க வேண்டும். அறை நடுவில் தொலைநோக்கியைத் தாங்கும் கொங்கிரீட் தூண், நிலத்துக்குள் மூன்றரை அடி. அந்தத் தூணைத் தரை தொடவே கூடாது என்பதுதான் முழுக் கட்டடத்திலும் முக்கியமான விஷயம். சுற்றிவர இரண்டு அங்குல இடைவெளி விடுவார்கள். இல்லாவிட்டால் தரையில் வைக்கிற ஒவ்வொரு அடியின் அதிர்வும் தொலைநோக்கிக்குப் போய்ச் சேரும்.

இதையெல்லாம் வாசலில் நின்று எனக்கு விளக்கிவிட்டுத்தான் தேவகி கதவைத் திறந்தார். இடைவெளியைக் காணவில்லை. தூணின் அடி வரை சீமெந்து, கண்ணாடி மாதிரி வழவழப்பாக. அவர் கூரையைத் தள்ளிவிட்டுத் தொலைநோக்கியைத் தூரத்திலிருந்த தொலைபேசிக் கோபுரத்தின் பக்கம் திருப்பினார். "நடங்க" என்றார். நடந்தேன். "கோபுரம் குதிக்குது," என்றார். குரலில் நல்ல கோபம். கைபேசியை எடுத்தார்.

கால் மணித்தியாலத்தில் மோட்டார் சைக்கிளில் மேசன் தங்கராசா வந்தார். அந்த அறையைக் கட்டியவர் அவர்தான். இடைவெளியையும் வரைபடத்தின்படி அவரே விட்டிருந்தார்.

"போன கிழம வெள்ளையடிக்க வந்தனான் புள்ள. தூணச் சுத்தின வெடிப்புக்குள்ள பாம்புச் சட்ட கிடந்திச்சி. பொழுதுபட்டா நீ தனிய நிக்கிற இடம். அத எப்பிடி விட்டுட்டுப் போற? காசு ஒண்டும் கேக்கல்லயே."

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே அண்ணன்."

"கேட்டா வேணாம் எண்டுதான் சொல்லியிருப்ப."

தேவகி அவரைத் தொலைநோக்கியில் குனிந்து பார்க்கச் சொன்னார். நான் மறுபடியும் நடந்தேன். தங்கராசா கண்ணை எடுக்க நேரமாயிற்று. பிறகு உளியை எடுத்துவந்தார். "கட்டுறுதிக்கு உள்ள நாலு கம்பியும் போட்டிரிக்கன்," என்றார் மெதுவாக.

நேரம் 3.40. தொலைநோக்கியைக் கழற்றி வெளியே வைத்தோம். தூணில் அடி விழாமல் தரைப் பக்கமாகவே கொத்த வேண்டியிருந்தது. நான் வாளியில் கல்லும் தூசும் அள்ளினேன். நல்ல மேசன் போட்ட சீமெந்து எவ்வளவு கெட்டி என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். 6.20க்குச் சீமெந்து முடிந்தது, கம்பிகள் மிச்சம். அவற்றை அறுத்ததில் வாளலகு இரண்டு உடைந்தது. கடைசிக் கம்பி அறும்போது 7.08. தேவகி தொலைநோக்கியைப் பூட்டி, தென்னை மரங்களுக்கு மேலே துருவ நட்சத்திரத்தைத் தேடிப் பிடித்து, அச்சை நேராக்கி, கெமராவைக் கணினித் திரையோடு இணைத்தார். 7.45.

"இப்ப நீங்க நடங்க அண்ணன்."

தங்கராசா வெறுங்காலுடன் தூணைச் சுற்றி ஒரு முழு வட்டம் நடந்தார். திரையில் நட்சத்திரம் அசையவில்லை.

7.52 வந்தது. மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நட்சத்திரம் எரிந்துகொண்டே இருந்தது. 7.53. 7.54. மறையவேயில்லை.

"என்னாலயா புள்ள?"

"இல்ல அண்ணன். நிழல் வேற பக்கத்தால போயித்து." சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். "அணையிறத ஒருக்காப் பாக்கணும் எண்டு சரியான ஆசையா இருந்திச்சி." கொஞ்ச நேரம் அழுதார். எனக்கும் கவலைதான். பிறகு முகம் கழுவிவந்து, 'மறைவு இல்லை, பதிவு தெளிவு' என்று கணிப்பை வெளியிட்டவர்களுக்கு அறிக்கை எழுதி அனுப்பினார்.

பக்கத்திலுள்ள அவருடைய தம்பி வீட்டில் தங்கினேன். மற்றவர்களுக்குக் களுவாஞ்சிக்குடியில் 4,000 ரூபாய்க்கு அறை கிடைக்கும். போகிறவர்கள் மே முதல் செப்டெம்பருக்குள், நிலவில்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். இருட்டிய பின் வயற்பாதையில் நடக்க வேண்டாம், யானை வரும். திரும்பும் ஓட்டோவை முன்கூட்டியே பேசி வையுங்கள். மொட்டை மாடியில் கட்டும் யோசனையை நான் கைவிட்டுவிட்டேன். அங்கே தூணுக்கு என்று தனி நிலம் கிடையாது; கீழே மனைவி கதவைச் சாத்தினாலும் மேலே வியாழன் ஆடும்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தங்கராசா பழைய டயர் டியூப் ஒன்றோடு வந்தார். அதைக் கீலமாக வெட்டி, தூணை இறுக்காமல், இடைவெளியை மூடினார். பாம்பும் நுழையாது, அதிர்வும் போகாது. அவர் குந்தியிருந்து வெட்டிக்கொண்டிருந்தபோதே தேவகிக்கு அவர்களிடமிருந்து செய்தி வந்தது. வடக்கே, வாழைச்சேனைப் பக்கமிருந்து பார்த்த ஒருவருக்கு நட்சத்திரம் மூன்று செக்கன் மறைந்திருக்கிறது. அங்கே மறைந்து இங்கே மறையாததால், சிறுகோள் நிழலின் தெற்கு விளிம்பு இரண்டு இடங்களுக்கும் நடுவால் போயிருக்கிறது என்று சொல்ல முடிகிறதாம். படம் ஆடியிருந்தால் தேவகியின் பதிவை எடுத்திருக்கவே மாட்டார்கள்.

தேவகி அதை இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். தங்கராசா கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்ப அந்த வானத்துக் கல்லுக்கு இங்கால எல்லக்கல்லு நாமதான்," என்றார்.