ஏனாத்தூர் அறைக் கதவு

காந்தி ரோட்டில் பட்டுப்புடவைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். அங்கே உட்கார்ந்தபடியே சுற்றுவட்டார செல்போன் டவர்களை எல்லாம் நான் மேய்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு டவரின் அடியிலும் இயந்திரங்கள் வைத்த சின்ன அறை உண்டு. அறையின் சூடு, பேட்டரி, கதவு திறந்திருக்கிறதா என்பது வரை நெட்வொர்க் வழியாக என் திரைக்கு வந்துவிடும்.

ஏனாத்தூர் டவருக்கு ஒரு காவலாளி இருந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர். மே மாத வெயில் தாங்காமல் கொஞ்சம் ஏசிக் காற்று வாங்க அறைக்குள் நுழைவார். திரையில் கதவு சிவப்பாகும். உடனே போன் போட்டு, உள்ளே என்ன மாமியார் வீட்டு விருந்தா என்று கேட்பேன். பதறிக்கொண்டு வெளியே வருவார். இருந்த இடத்திலிருந்தே ஒரு மனிதரை நடுங்க வைப்பதில் சுகம் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய்.

ஒரு நாள் காலை, ஏனாத்தூர் டவரை நெட்வொர்க்கோடு இணைக்கும் ரவுட்டரின் முகவரியை மாற்ற வேண்டியிருந்தது. தூரத்திலிருந்து இதைச் செய்யும் முன், பத்து நிமிடத்தில் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும்படி ரவுட்டருக்குச் சொல்லி வைப்பது எங்கள் வழக்கம். கை தவறினாலும் அது மீண்டுவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன். அன்று நான் அதைச் செய்யவில்லை. திமிர், வேறென்ன. ஒரு எண்ணைத் தப்பாக அடித்தேன். ரவுட்டர் என் கையை விட்டுப் போயிற்று, ஏனாத்தூர் முழுக்க எங்கள் கம்பெனி சிக்னல் செத்தது.

இனி யாராவது நேரில் போய் ரீசெட் பட்டனை அழுத்தினால்தான் உண்டு. ஏற்கெனவே ஒரு தப்புக்கு மேலாளர் என்னிடம் எழுதி வாங்கியிருந்தார். இன்னொன்று என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நல்லவேளையாகக் காவலாளி வைத்திருந்தது வேறு கம்பெனி சிம். ஆபீஸ் போனைத் தொடாமல், என் சொந்த போனிலிருந்து அவரைக் கூப்பிட்டேன்.

"ஆபீஸ் பர்மிசன் இல்லாம தொறந்தா என்னைத் தூக்கிடுவாங்களேமா," என்றார்.

"நான் சொல்றேன் இல்ல? தொறங்கண்ணா."

திறந்தார். நான் சொன்ன பட்டனைத் தேடி அழுத்தினார். ரவுட்டரில் இருந்த பதிவுகளோடு என் தப்பின் தடயமும் அழிந்தது. லைன் வந்த அதே நொடியில், கதவு திறந்திருப்பதாகத் திரை சிவந்தது. எப்போது திறந்தது என்று அது சொல்லாது.

மதியம் மேலாளர் கதவை யார் திறந்தது என்று கேட்டார். காவலாளி என்றேன். அனுமதி கொடுத்தாயா என்றார். இல்லை என்றேன். உள்ளே போய் எதையோ நோண்டியிருப்பார், அதில்தான் லைன் போயிருக்கும் என்று, அவர் கேட்காததையும் நானாகவே சேர்த்தேன். எழுதிக் கொடு என்றார். எழுதிக் கொடுத்தேன். பயமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது.

மறுநாளே காவலாளியை நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் அவரிடமிருந்து போன் வந்தது. அவர் குரலுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுத் தறி ஓடும் சத்தம் கேட்டது. திட்டப்போகிறார் என்று தயாராக இருந்தேன்.

"யாரோ எம்மேல பொய்யா எழுதிக் குடுத்துக்கிறாங்கமா. நீங்க சொல்லித்தான் தொறந்தேன்னு நான் வாயே தொறக்கல. உங்க வேலை போயிடப் போவுதுன்னு பயம். நல்ல மனுசன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்கமா. நீங்க சொன்னா கேப்பாங்க."

சொல்கிறேன் அண்ணா என்றேன். போனை வைத்ததும் முதல் வேலையாக அவர் நம்பரை பிளாக் செய்தேன். பிறகு ஏனாத்தூர் ரவுட்டரில் பாக்கியிருந்த முகவரி மாற்றத்தை எடுத்தேன். பத்து நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பும்படி சொல்லி வைக்க இந்த முறை தவறவில்லை.