முந்திரி சீசன் வலி

எங்கள் நிலக்கரி மைன்ஸில் ஒருவன் கால் வலி என்றால் யாருக்கும் டாக்டர் ஞாபகம் வராது, முந்திரிதான் ஞாபகம் வரும். பண்ருட்டிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் பெர்மனெண்ட் வேலை மகராசர்களுக்குக் கொட்டை பொறுக்கும் நேரம் பார்த்து இடுப்பு பிடித்துக்கொள்ளும். லைட் டியூட்டி வாங்கிக்கொண்டு, நிழலில் உட்கார்ந்து, போனிலேயே தோப்பு ஆட்களை விரட்டுவார்கள். சீசன் முடிந்தால் இடுப்பு தானாகச் சரியாகிவிடும். வெட்கம் கெட்ட கூட்டம்.

எனக்குத் தோப்பு கிடையாது. மண் வெட்டும் பெரிய மெஷினின் கேபின்தான் என் சொத்து, என் கௌரவம் எல்லாம். கொழுப்பு அதிகம் என்று டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்த சில வாரங்களில், இரண்டு தொடையும் அடித்துப் போட்டதுபோல் வலித்தன. ஒருநாள் கேபினுக்கு ஏறும் இரும்புப் படியில் பாதியிலேயே நின்றுவிட்டேன்.

கீழே ஷிப்ட் இன்சார்ஜ் சிரித்தார். "என்னய்யா, முந்திரி சீசன் இன்னும் வரலையே?"

வெட்டிய மண் ஓடும் பெல்ட்டைப் பார்க்க என்னை உட்காரவைத்துவிட்டு, கேபினை வேறொருவனுக்குக் கொடுத்தார். வருஷம் தவறாமல் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் தோப்புக்காரன் அவன்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். இந்த மாத்திரையால் சிலருக்குச் சதை வலி வரும் என்று நிறுத்தச் சொன்னார். வலி போன பிறகு வேறொன்று கொடுத்தார், அது ஒத்துக்கொண்டது. போய் என் கேபினைத் திருப்பிக் கேட்டேன்.

"மாத்திரையாம், சதையாம்! எங்க, ஏறிக் காட்டு. நானும் பின்னாடியே வர்றேன்" என்றார் இன்சார்ஜ், ஷிப்ட் ஆட்கள் அத்தனை பேர் முன்னால்.

ஏறினேன். மூச்சுதான் வாங்கியது, தொடை வலிக்கவில்லை. மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். முதல் திருப்பத்திலேயே கைப்பிடியைப் பிடித்தபடி தொடையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான் அவரிடம் இறங்கி வந்தேன்.

"நானும் கொழுப்புக்கு ஒண்ணு போட்டுகினுதான் இருக்கேன்" என்றார், கீழே யாருக்கும் கேட்காத குரலில். "உனக்கு மாத்தி எந்த மாத்திரை குடுத்தாங்க?"

அவருக்கும் தோப்பு உண்டு. சொல்லிக்காட்ட வாய் துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

"நாளைக்குக் கேபின்ல யாரு சார்?"

"நீதான்யா."

"அத கீழ நிக்கிறவங்களுக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."