அச்சகத்தில் வெளுத்த அம்மா

போன செவ்வாய்க்கிழமை நெல்லியடியில் ஒரு மெசினைக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

கும்பிடாமல் என்ன செய்வது? சந்தனப் பொட்டு, மாலை, பக்கத்தில் ஊதுபத்தி... அச்சக முதலாளி சண்முகராசா என்னைச் செருப்பையும் கழற்றச் சொன்னார். சிங்கப்பூரில் யாரோ பாவித்துவிட்டுத் தள்ளிய நாலு கலர் மெசின். அதோடு ஒரு மேசை. மேசை நிறையப் பொத்தான்கள், சிவப்பில் மின்னும் இலக்கங்கள். அதுதான் மூலஸ்தானம். இனிமேல் கலரை மனுஷன் பார்க்கத் தேவையில்லையாம். அதுவே பார்க்குமாம். கூடினால் குறைக்குமாம், குறைந்தால் கூட்டுமாம்.

எதைப் பார்க்கிறது என்று கேட்டேன். தாளின் ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக அச்சாகும் ஒரு கலர்ப் பட்டையைக் காட்டினார். முதலில் யாராவது ஒரு தாளைப் பார்த்து 'சரி' என்று கையெழுத்து வைக்க வேண்டும். அந்தத் தாளின் பட்டையை மெசின் அளந்து வைத்துக்கொள்ளும். பிறகு வருகிற தாள் எல்லாம் அதே அளவில் வரும். ஆக, நடுவில் இருப்பது அம்மன் படமா ஆட்டுக்கல்லா என்பது அதற்குத் தெரியாது. ஓரத்தை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லும். எங்கள் அரசாங்கக் கந்தோர்களில் இப்படி எத்தனை உத்தியோகத்தர்களைப் பார்த்துவிட்டோம்!

நான் போன காரியம் வேறு. எங்கள் அயலில் இருந்த சிவலோகம் அக்கா காலமாகி முப்பத்தோராம் நாள் நெருங்குகிறது. அன்று அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்துக்கு அவரது வாழ்க்கைக் குறிப்பை நான்தான் எழுதினேன். எழுத்துப் பிழை பார்க்கப் போனேன். மகள் யோகமும், யோகத்தின் தாய்மாமன் சபாரத்தினமும் அட்டையைப் பார்க்க வந்திருந்தார்கள். அட்டையில் அக்காவின் கலர்ப் படம்.

யோகம் ஒரு தாளை எடுத்தாள். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள்.

"இது அம்மா இல்லை" என்றாள்.

நானும் எட்டிப் பார்த்தேன். சிவலோகம் அக்கா, புருஷன் போன பிறகு புகையிலைத் தோட்டத்தில் வெயில் குடித்து இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவர். நல்ல கறுப்பு. தாளில் இருந்த மனுஷி ரோசாப்பூ நிறம்... தோட்டப் பக்கம் தலை வைத்துப் படுத்தவராகவே தெரியவில்லை.

முதலாளி கொஞ்சமும் அசையவில்லை. மேசையடிக்குப் போய்க் கையை நீட்டினார்.

"தங்கச்சி, மெசின் பிழை விடாது. உந்த நம்பரைப் பாருங்கோ, ஒரு புள்ளி பிசகாமல் அச்சொட்டாய் நிக்குது."

அச்சொட்டாய் நின்றது உண்மைதான். எதோடு? 'சரி' வைத்த தாளைக் கேட்டேன். கொண்டுவந்தார். மூலையில் சபாரத்தினத்தாரின் கையெழுத்து! முதல் நாளே தனியாக வந்து, கறுப்பைக் குறை, இன்னும் குறை என்று பக்கத்தில் நின்று, கூடப் பிறந்த தமக்கையை வெளுக்க வைத்துவிட்டுப் போயிருக்கிறார் மனுஷன்.

கேட்டால் வெட்கப்படவேயில்லை. யோகத்துக்குக் கனடாவில் ஒரு சம்பந்தம் பேச்சில் இருக்கிறதாம். மாப்பிள்ளை வர மாட்டார், படம் பார்த்துத்தான் முடிவாம். யோகத்தின் படத்தை ஸ்டூடியோவில் கொடுத்து ஏற்கெனவே வெளுப்பித்து அனுப்பியாயிற்றாம். இங்கே இருக்கிற மாப்பிள்ளை வீட்டார் கல்வெட்டைக் கட்டாயம் புரட்டுவார்களாம். தாய் கறுப்பாக இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று எனக்கே விளக்கம் வேறு.

உண்மையைச் சொல்லுங்கள் — கல்வெட்டை நாங்கள் எதற்குப் புரட்டுகிறோம்? தேவாரத்துக்கா? வம்சாவளியில் யார் டொக்டர், யார் எஞ்சினியர், யார் லண்டன்... அதற்குத்தானே? செத்தவீட்டிலும் சம்பந்தம் தேடுகிற சனம். சபாரத்தினத்தார் அதையும் தாண்டிவிட்டார். செத்தவரையே தரகர் வேலைக்கு அனுப்புகிறார், அதுவும் முகத்துக்குப் பவுடர் போட்டு!

யோகம் அழவில்லை.

"அண்ணை ஏழு வருசமாய் அம்மாவைக் காணேல்லை. செத்தவீட்டுக்கும் வரேலாமல் ஜெர்மனியிலை கிடக்கிறார். இதைப் பாத்திட்டு ஆரெண்டு கேட்டால் என்ன சொல்லுறது, மாமா?"

நிறத்தைத் திருத்தி அடிக்கச் சொன்னாள். முதலாளிதான் விடவில்லை. ஒரு தரம் 'சரி' கொடுத்த பிறகு மெசினைக் குழப்பக் கூடாது என்றார். மெசின் கோவிக்குமோ என்று கேட்டேன். மனுஷன் சிரிக்கவுமில்லை. பக்தி அப்படி.

யோகம் தன் முன்னங்கையைத் தாளின் மேல், தாயின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அம்மாவும் நானும் ஒரு நிறம். இதைப் பாத்து மையைக் கூட்டுங்கோ, அண்ணை."

முதலாளி என்னைப் பார்த்தார், மெசினைப் பார்த்தார். பிறகு அரைமனதோடு, தானாகக் கலர் பார்க்கும் 'ஓட்டோ' பொத்தானை நிறுத்திவிட்டுக் கையால் மையைக் கூட்டத் தொடங்கினார். ஒரு தாள் வரும், யோகம் கையை வைப்பாள், தலையாட்டுவாள். அடுத்த தாள், திரும்பவும் கை. கடைசியில் ஒரு தாளில் சிவலோகம் அக்கா வந்தேவிட்டார்.  பக்கத்தில் நின்ற சபாரத்தினத்தார் சுவரைப் பார்த்தார்.

யோகம் 'சரி' என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள். திரும்பவும் 'ஓட்டோ' பொத்தான். மெசின் அந்தத் தாளை அளந்து, அதே நிறத்தைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று அடித்துத் தள்ளியது. இலக்கங்கள் இப்போதும் அச்சொட்டாய் நின்றன. முதலாளியின் முகத்தில்தான் பெரிய ஏமாற்றம், சாமி கட்சி மாறிவிட்டதைப் போல.

வாசலில் சபாரத்தினத்தார் முணுமுணுத்தார். மாப்பிள்ளை வீட்டாருக்கு இனி என்ன சொல்வது என்று அவருக்குக் கவலை.

"ஒண்டும் சொல்ல வேண்டாம், மாமா" என்றாள் யோகம். "முதல் புத்தகத்தை அவையளுக்கே குடுங்கோ."

கனடாவிலிருந்து பதில் வராவிட்டால், பெண் தப்பிவிட்டாள் என்றுதான் நான் சொல்வேன்!