வசந்தா அக்காவும் வராத படத்துப் பாட்டும்

வசந்தா அக்கா போயிட்டாவ. இன்னைக்குக் காலையில, பாளையங்கோட்டை வீட்டுல... தூக்கத்துலேயே.

தபேலா மாரியப்பன் போன்ல சொன்னப்போ பல்லு வெளக்கிட்டு இருந்தேன். வாயைக் கொப்பளிச்சுட்டு அப்படியே கெளம்பிட்டேன்.

தெரியாதவங்களுக்காகச் சொல்லுதேன். திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடைத் திருவிழாவுல கச்சேரி கேட்டவங்களுக்கு அந்தக் குரல் தெரியும். எங்க மெல்லிசைக் குழுவுல அக்கா பாட்டு, நான் கீபோர்டு. வள்ளியூர், திசையன்விளை, உடன்குடின்னு ஒரே வேன்ல சுத்தியிருக்கோம்.

அக்காவுக்குச் சொந்தமா மெட்டுப் போடுத ஆசை. வேன்ல ஜன்னலோரமா உக்காந்து முனங்கிக்கிட்டே வருவாவ. தூங்குதவனை எழுப்பி, இது எப்படிலே இருக்குன்னு கேப்பாவ.

ஆனா கொடையில சொந்தப் பாட்டை யாரு கேப்பா? சினிமாப் பாட்டைத் தவிர வேற எதையும் எடுக்கக் கூடாதுன்னு கமிட்டி அண்ணாச்சிமாரு மொகத்துக்கு நேராச் சொல்லிருவாங்க.

திசையன்விளைப் பக்கம் ஒரு கொடை. அக்கா மைக்கைப் பிடிச்சு, பழைய கறுப்பு வெள்ளைப் படத்துல வந்த பாட்டுன்னு சொல்லி, இல்லாத ஒரு படத்துப் பேரை அடிச்சு விட்டாவ. நான் கீபோர்டுல கையை வச்சுக்கிட்டு முழிக்கேன். அவங்களே எழுதி மெட்டுப் போட்ட பாட்டு வே அது!

"கடைசி வண்டி போயிருச்சே
கைக்கு வளையல் சேரலியே..."

கூட்டம் அப்படியே அடங்கிப் போச்சு. முடிஞ்சதும் ஒரு அண்ணாச்சி மேடையேறி வந்து, அந்தப் படத்தை டூரிங் டாக்கீஸ்ல பாத்திருக்கேம்மா, அச்சு அசலா அப்படியே பாடிட்டேன்னு கும்பிட்டாரு.

வேன்ல ஏறுனதும் நாங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே... அக்காவும்தான் சிரிச்சாவ.

அதுக்கப்புறம் எந்த ஊருக்குப் போனாலும் வளையல் பாட்டு கேட்டுச் சீட்டு வரும். மத்த குழுக்காரங்களும் பாட ஆரம்பிச்சாங்க, பழைய படப் பாட்டுன்னு சொல்லித்தான். அக்காவுக்குச் சிரிப்பு போயிருச்சு.

ஒரு மேடையில, இது நான் போட்ட மெட்டுதான்னு மைக்குலயே சொல்லிப் பாத்தாவ. வெளாட்டுக்குச் சொல்லுதாவன்னு நினைச்சு எல்லாரும் கைதட்டிச் சிரிச்சாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

தொண்டையில ஆபரேஷன் ஆனபிறகு மேடை நின்னுபோச்சு. வீட்டு மாடியில வாய்ஸ் கிளாஸ் ஆரம்பிச்சாவ. வந்ததெல்லாம் வயசானவங்க... கத்திக் கத்தித் தொண்டை கட்டுன டீச்சர்மார், சர்ச் கொயர்ல பாடுதவங்க, ஒரு பேங்க் மேனேஜர்.

பாட்டெல்லாம் பொறவு, மொதல்ல மூச்சு. பைய எடு, பைய விடு... வாரக்கணக்குல அதேதான். மேனேஜர் வெறுத்துப் போய் ஓடிட்டாரு.

ஒரு நாள் நான் போயிருந்தப்போ, ஒரு கணக்கு டீச்சர் வளையல் பாட்டை ஆசை ஆசையாப் பாடிக் காட்டுதாங்க. ரெண்டு வரியையும் ஒரே மூச்சுல சேத்துப் பாடும்மா, நடுவுல விடாதேன்னாவ அக்கா.

டீச்சர் கேக்கல. "இல்லக்கா, ஒரிஜினல்ல மூச்சு எடுத்துத்தான் பாடியிருக்காங்க. நான் படத்துலயே கேட்டிருக்கேன்."

யாருகிட்ட வந்து ஒரிஜினல் பேசுதீங்கன்னு கேக்க வாயெடுத்தேன். அக்கா கண்ணைக் காட்டி அடக்கிட்டாவ.

டீச்சர் போனபிறகு, ஏன்க்கா சொல்லலன்னு கேட்டேன். காப்பி டம்ளரைக் கழுவிக்கிட்டே இருந்தாவ.

"சொன்னா நம்பணும்லா? பாட்டு நல்லாத்தானே இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்"ன்னாவ. கொஞ்சம் பொறுத்து, "ஒரு ஆளாவது வசந்தா பாட்டுன்னு சொல்லிக் கேட்டுட்டு நான் கண்ணை மூடணும்லே."



இன்னைக்கு அக்கா வீட்டு வாசல்ல உக்காந்திருக்கேன். பக்கத்துல ஒருத்தர், அந்தப் பழைய படப் பாட்டை இந்தம்மா என்னமாப் பாடும்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. அது அக்கா பாட்டுய்யான்னேன். நம்பாம போனை எடுத்துத் தேடுனாரு. ரொம்ப நேரம் தேடுனாரு.

கெடைக்காது. அப்படி ஒரு படமே கெடையாது.

எழுதுனது, மெட்டுப் போட்டது, மொதமொதப் பாடுனது எல்லாமே எங்க வசந்தா அக்கா. கச்சேரிக்காரங்க யாராவது இதைப் படிச்சா, இனிமே அக்கா பேரைச் சொல்லிட்டுப் பாடுங்க.

சாயங்காலம் எடுக்காங்க. வாரவங்க வாங்க.

வசந்தா பாட்டுன்னு சொல்லிட்டேன்க்கா... நீங்க போனபொறவு இப்பம் சொல்லுதேனேன்னுதான் வருத்தமா இருக்கு. போயிட்டு வாங்க.