குடோனுக்குள் திறக்காத கேமரா

ராயபுரத்தில் ஒரு ஐஸ் குடோனில் கம்ப்யூட்டரையும் கேமராவையும் பார்த்துக்கொண்டு, ராத்திரியில் அங்கேயே படுத்துக்கொள்வேன். முதலாளி தன் வீட்டிலிருந்தே போனில் கேமராவைப் பார்க்க வேண்டும் என்றார். மதியத்துக்குள் தெரியாவிட்டால் இடத்தைக் காலி செய்யச் சொன்னார்.

வெளியிலிருந்து வருவதைக் கேமராப் பக்கம் திருப்பிவிட, இன்டர்நெட் உள்ளே வரும் ஃபயர்வால் பெட்டியில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டேன். வெளியிலிருந்து கேமராவைத் திறக்கும் முகவரியை முதலாளிக்கும் அனுப்பினேன். குடோன் வைஃபையில் இருந்த என் போனில் அதே முகவரியை அடித்தேன். திறக்கவில்லை. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். பெட்டியை அணைத்துப் போட்டேன். அப்போதும் திறக்கவில்லை. எங்கே தப்பு என்றே தெரியவில்லை. சட்டைகளைப் பையில் திணித்தேன்.

போன் அடித்தது. முதலாளிதான்.

"இன்னா நைனா, பைய தூக்கிகினு எங்க கெளம்பிட்ட?"

"உங்களுக்கு எப்டி பாய் தெரியும்?"

"நீதான கேமரா உட்ட? காலைல இருந்து வந்து வந்து போவுது. இப்பதான் நல்லா கீது. இனிமே அதுல கைய வைக்காத."

தெருவுக்குப் போய், போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பார்த்தேன், திறந்தது. உள்ளே வந்து வைஃபையில் பார்த்தேன், திறக்கவில்லை. கேமராவுக்குக் கீழேயே நிற்பவனுக்கு ஏன் தெரியாது என்று புரியாமலே சட்டைகளை எடுத்து ஆணியில் மாட்டினேன்.