அடுத்த நாள், அங்கே

என் தங்கை கடைசியாகப் பேசியது எங்கள் அம்மாவிடம். போனில், ஓரிரு வார்த்தை. அதை நீதிமன்றத்தில் தவறாக எழுதிவிட்டார்கள் என்று நான் சொன்னால் அது நியாயம் ஆகாது. இலக்கணப்படி சரியாகத்தான் எழுதினார்கள். நான் ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவள். எனக்கே அந்த வாக்கியத்தில் சிவப்பு மையால் சுழிக்க ஓர் இடம் கிடைக்கவில்லை. என் வயிற்றெரிச்சலே அதுதான்.

திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொல்வது எப்படி என்று ஒரு பாடம் ஒவ்வொரு வருஷமும் வரும். 'டுமாரோ' என்பது 'த நெக்ஸ்ட் டே' ஆகும். 'ஹியர்' என்பது 'தேர்' ஆகும். 'நௌ' என்பது 'தென்' ஆகும். பிள்ளைகள் அட்டவணையை ஒரே மூச்சில் ஒப்பித்துவிடும். ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டால் முழிக்கும். ஒரு பெண் மட்டும் ஒருமுறை எழுந்து கேட்டாள். "மிஸ், தமிழ்ல நாம எதையும் மாத்துறது இல்லியே? நாளைக்கு வர்றேன்னு சொன்னான்னு அப்டியேதான சொல்றோம்?"

ஆமாம், தமிழில் அந்தத் தொல்லை இல்லை, சொன்னதை அப்படியே சொல்லி ஒரு 'னு' போட்டால் முடிந்தது என்று அவளை உட்காரவைத்தேன். எல்லா ஆசிரியர்களும் அப்படித்தான் சொல்கிறோம். கொஞ்சம் யோசித்தால் அது பாதிதான் சரி. செஞ்சியிலிருந்து மாமா போன் பண்ணி, "நாளைக்கு அங்க இருப்பேன்" என்கிறார். போனை வைத்ததும் நாம் வீட்டில் என்ன சொல்கிறோம்? "மாமா நாளைக்கு இங்க இருப்பேன்னு சொன்னாரு." அவர் 'இங்க' என்று சொல்லவே இல்லை. 'அங்க' என்றுதான் சொன்னார். 'நாளைக்கு' அவருடைய வார்த்தை, 'இருப்பேன்' அவருடைய வார்த்தை, நடுவில் இருக்கிற 'இங்க' மட்டும் நம்முடையது. மாற்றிவிட்டோம் என்பதே நமக்குத் தெரியாது. அவர் சொன்னதை அப்படியே சொன்னதாகச் சத்தியம்கூடப் பண்ணுவோம்.

என் தங்கையைக் கொடுத்தது விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம், காணையை ஒட்டிய ஒரு கிராமத்தில். கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம். எங்களுக்கு நிலம் கிடையாது. அப்பா போன பிறகு அம்மா களை எடுத்தும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலையை உடைத்தும்தான் எங்களைப் படிக்கவைத்தாள். நிலம் உள்ள வீட்டில் பெண் வாழப்போகிறது என்று அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. அந்தப் பூரிப்பு ஒரு வருஷம் தாங்கியது.

அவள் புருஷன் அடிப்பான். குடித்துவிட்டு அடிப்பான் என்று எழுதினால் உங்களுக்கு ஒரு சமாதானம் கிடைத்துவிடும். அவன் குடிக்கமாட்டான். காபி ஆறிப்போயிருந்தால் அடிப்பான். போனில் சிரித்தால் அடிப்பான். தங்கை கிளம்பி எங்கள் வீட்டுக்கு வந்தால், அவன் தரப்பிலிருந்து பெரிய மனிதர்கள் வெள்ளை வேட்டியில் வந்து உட்கார்ந்து, இனி எதுவும் நடக்காது என்று வாக்குக் கொடுத்துக் கூட்டிப்போவார்கள். பிறகு அவளால் கிளம்பவும் முடியவில்லை. ஒருமுறை "யம்மா, வர்றேம்மா" என்று போனில் சொன்னது மாமியார் காதில் விழுந்து, போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். திரும்பக் கொடுத்த பிறகு அவள் 'வர்றேன்' என்ற வார்த்தையை வாயில் எடுப்பதில்லை. யாராவது பக்கத்தில் இருந்தால் வெறும் பேச்சாகப் பேசுவாள். சாப்பிட்டியா, மழையா, வச்சிடுறேன். அவ்வளவுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா போனை வைத்துவிட்டுப் பின்கட்டுக்கு ஓடிவந்தாள். "தங்கச்சி பேசுச்சு. நாளைக்கு இங்க இருப்பேன்னு சொல்லுச்சு. மெதுவாப் பேசுச்சு. பக்கத்துல ஆள் இருக்குதுபோல." அம்மாவுக்கும் புரிந்துவிட்டது, எனக்கும் புரிந்துவிட்டது. கிளம்பி வருகிறாள். இந்தமுறை வேட்டி கட்டியவர்கள் வந்தால் வாசலிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்புவது என்று நான் முடிவு பண்ணினேன். அம்மா இட்லிக்குக் கூடுதலாக அரிசி ஊறப்போட்டாள். தங்கைக்கு இட்லி என்றால் கணக்கே கிடையாது.

மறுநாள் காலையில் போன் வந்தது. கழனிக் கிணற்றிலிருந்து அவள் உடலை எடுத்திருக்கிறார்கள். தண்ணீர் சேந்தப் போனவள் கால் தவறி விழுந்துவிட்டாள் என்றார்கள். வீட்டில் குழாய் இருக்கிறது. அந்தக் கிணற்றில் யாரும் தண்ணீர் சேந்துவதில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் தலைமாட்டில் ஊதுவத்தி எரிந்துகொண்டிருந்தது. அம்மா அவள் கையைத் தடவித் தடவிப் பார்த்தாள். பழைய காயம் எது, புதுக் காயம் எது என்று அம்மாவுக்குத் தெரியும். நான் அழவில்லை. எனக்கு வந்தது ஆத்திரம். அது இன்னும் போகவில்லை.

வழக்கு நடந்தது. அதை விவரிக்க எனக்குப் பொறுமை இல்லை. அவர்கள் பக்கம் சொன்னது ஒன்றுதான்: சண்டையே இல்லை, சந்தோஷமாக வாழ்ந்த பெண், விபத்து. எங்கள் பக்கம் கையில் இருந்ததும் ஒன்றுதான். அவள் மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவதாக இருந்தாள். வந்துவிடப் போகிறாள் என்று தெரிந்துதான் அவளை விடவில்லை. அதைச் சொல்ல அம்மாவின் வாய்தான் இருந்தது. போன் பேசியதற்குப் பதிவு உண்டு, பேசிய வார்த்தைக்குப் பதிவு கிடையாது. நானும் சாட்சி சொல்கிறேன் என்றேன். அரசு வக்கீல் சிரித்தார். "மேடம், நீங்க கேட்டது உங்கம்மா சொன்னத. உங்க தங்கச்சி சொன்னத இல்ல. அது செவிவழிச் செய்தி. செல்லாது."

விழுப்புரத்தில் அம்மா கூண்டில் ஏறிய நாள் நல்ல வெயில். ஏறுவதற்கு முன்னால் அரசு வக்கீல் அவளுக்கு ஒரு புத்தி சொல்லியிருந்தார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா. உங்க பொண்ணு சொன்ன வார்த்தைய ஒண்ணு கூட்டாம, ஒண்ணு குறைக்காம சொல்லுங்க." அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். பேருந்தில் வரும்போதெல்லாம் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"கடைசியா போன்ல என்ன சொன்னாங்க?"

"நாளைக்கு இங்க இருப்பேன், வச்சிடுறேன்னு சொல்லுச்சுங்க ஐயா."

அம்மாவின் 'இங்க' என்பது எங்கள் வீடு. அவள் சாப்பிட்டு, தூங்கி, போன் பேசிய வீடு. கூண்டில் நின்றாலும் அவளுக்கு 'இங்க' அதுதான். ஆனால் அவள் நின்றுகொண்டிருந்தது விழுப்புரத்தில். மகள் சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் சொல்கிறாள் என்றுதான் அங்கே எல்லோரும் நினைத்தார்கள். அப்படியானால் 'இங்க' என்று சொன்னது மகள். மகள் இருந்தது புருஷன் வீட்டில். ஆக, நாளைக்கும் புருஷன் வீட்டில்தான் இருப்பேன் என்று மகள் சொல்லியிருக்கிறாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். அந்த நூலைப் பிடித்துக்கொண்டார். மிக மரியாதையாகக் கேட்டார்.

"ஏம்மா, அம்மா வீட்டுக்கு வர்றேன்னு சொன்னாங்களா?"

அம்மா யோசித்தாள். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. "வர்றேன்ற வார்த்த சொல்லலைங்க."

"கிளம்பிட்டேன்னு சொன்னாங்களா?"

"இல்லைங்க."

"நாளைக்கு இங்க இருப்பேன். இவ்வளவுதான?"

"அவ்ளோதாங்க."

சாட்சியத்தைத் தமிழில் எழுதுகிறவர்கள்தான் இப்போது அதிகம் என்கிறார்கள். எங்கள் வழக்கைக் கேட்ட நீதிபதி ஆங்கிலத்தில் சொல்லி டைப் அடிக்கவைப்பவர். நிதானமான, நல்ல ஆங்கிலம். அவர் சொல்லச் சொல்ல எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது. அம்மாவே சொல்வதுபோல எழுதவைத்தார்: என் மகள் போனில் சொன்னாள், 'ஷி வுட் பி தேர் த நெக்ஸ்ட் டே.' டுமாரோவை நெக்ஸ்ட் டே ஆக்கினார். ஹியரைத் தேர் ஆக்கினார். அட்டவணைப்படி அத்தனையும் சரி. அம்மா ஏற்கெனவே ஒருமுறை புரட்டிய வார்த்தையை அவர் இன்னொருமுறை புரட்டினார். தங்கை சொன்ன 'அங்க' எங்கள் வீடு. இப்போது எழுதப்பட்ட 'தேர்' அவளைக் கொன்ற வீடு. நான் எழுந்து, "சார், அந்த தேர் தப்பு சார்" என்றேன். வாசலில் நின்ற காவலர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். அரசு வக்கீல் அடுத்த வழக்கின் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

உட்கார்ந்தேன். இன்னும் ஒரு வழி இருந்தது. டைப் அடித்ததைச் சாட்சிக்குத் தமிழில் படித்துக்காட்டிச் சரியா என்று கேட்டுத்தான் கையெழுத்து வாங்குவார்கள். அப்போது அம்மா இல்லை என்று சொல்லிவிட்டால் போதும். திருத்திவிடுவார்கள். அம்மா, காது கொடுத்துக் கேளு, காது கொடுத்துக் கேளு என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

எழுத்தர் வேகமாகத்தான் படித்தார். அந்த இடம் வந்ததும் என்ன நினைத்தாரோ, கொஞ்சம் நிறுத்திப் படித்தார். "அடுத்த நாள் அங்க இருப்பேன்னு பொண்ணு சொல்லிச்சு. சரியாம்மா?"

அம்மாவின் முகம் அப்படி ஆனதை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல நிமிர்ந்தாள். கண் நிறைந்துவிட்டது.

"ஆமாங்க ஐயா. அங்க இருப்பேம்மான்னுதான் சொல்லுச்சு. அப்டியேதாங்க சொல்லுச்சு எம் பொண்ணு."

எப்படி இல்லை என்பாள்? காணைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மாமியாருக்குக் கேட்கக்கூடாதென்று மெதுவாக, அந்தப் பெண் போனில் சொன்ன வார்த்தையே அதுதான். அங்க இருப்பேன். அம்மா தன் வாயால் மாற்றிவைத்திருந்ததை இரண்டு மொழியில் சுற்றிக்கொண்டுவந்து, மகளின் வார்த்தையாகவே அவள் காதில் போட்டுவிட்டார்கள். அவள் கேட்டது எழுத்தரின் குரலை அல்ல. அம்மா பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும் அரசு வக்கீலை மடக்கி எல்லாவற்றையும் சொன்னேன். வேப்பமரத்தடியில் நின்று கேட்டார். கேட்டார் என்பதை நான் மறைக்கவில்லை. "நீங்க சொல்றது புரியுது மேடம். ஆனா படிச்சுக் காட்டி, அந்தம்மாவே ஆமான்னு சொல்லி, கையெழுத்தும் போட்டாச்சு. இப்ப மறுபடி கூப்பிட்டு மாத்திச் சொல்லவச்சா, சொல்லிக்குடுத்துச் சொல்றாங்கன்னு ஆயிடும். இங்க, அங்கன்னு ஒரு வார்த்தைக்குப் போயி." பிறகு அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

பேருந்தில் அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவளாகப் பேச்சை எடுத்தாள். "அந்த ஐயா நல்லவரு. அது சொன்னத அப்டியே எழுதிக்கினாரு. நான்கூட இங்கன்னு சொல்லிட்டேன்போல. அவரு கரெக்டா அங்கன்னு போட்டிருக்காரு." நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். விக்கிரவாண்டி தாண்டும்வரை அம்மா தூங்கினாள். அவள் அப்படித் தூங்கி நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

தீர்ப்பு மழைக்காலத்தில் வந்தது. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அவனையும் அவன் தாயையும் விட்டுவிட்டார்கள். நகல் வாங்கி வந்து அம்மா வேலைக்குப் போயிருந்தபோது படித்தேன். மறுநாளும் கணவர் வீட்டில் இருக்கப்போவதாக இறந்தவர் கூறியதை அவருடைய தாயே ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆகவே வீட்டைவிட்டு வெளியேறும் எண்ணமோ அதையொட்டிய தகராறோ இருந்ததாகக் கொள்ள இடமில்லை என்று இருந்தது. அம்மாவின் கையெழுத்து இருக்கிற பக்கத்தையும் எண் போட்டுக் காட்டியிருந்தார்கள். நான் அந்தத் தாளைக் கசக்கி எறிந்தேன். பிறகு நானே எடுத்து நீவிவைத்தேன்.

அம்மா வந்து, கைகால் கழுவி, என் எதிரில் உட்கார்ந்தாள். அவளுக்கு விஷயம் தெரியும். ஊரே சொல்லிவிட்டது.

"எம் பொண்ணு கடைசியா சொன்னத அதுல போட்டிருக்காங்களா?"

"போட்டிருக்காங்கம்மா."

"எப்டிப் போட்டிருக்காங்க? படி."

"அடுத்த நாள் அங்க இருப்பேன்னு போட்டிருக்காங்க."

அம்மா தலையை ஆட்டினாள். தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஆங்கிலம் அவளுக்குத் தெரியாது.

"அப்பறம் ஏன்டி அவன வுட்டுட்டாங்க?"

"சாட்சி பத்தலியாம்மா."

"நான் சரியாத்தான சொன்னேன்?"

"சரியாத்தாம்மா சொன்ன" என்றேன்.