இரண்டாம் குரல்

லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று இரும்புக் கயிறுகளைத் துடைக்கும்போதுதான் லிஃப்ட் மெக்கானிக் ரடிவோயேவுக்குப் பாட்டு வரும். மூடிய கதவுகளுக்குப் பின்னால் அந்தக் கனத்த குரல் மாடி மாடியாக ஏறிப்போகும். புதிய பெல்கிரேடின் அடுக்ககவாசிகளுக்கு இது பழகிவிட்டது. பாட்டு கேட்டால் அன்றைக்குப் படியேற வேண்டும் என்று பொருள்.

"என்ன பாட்டு மாஸ்டர் அது?" என்று ஓர் அம்மாள் கதவிடுக்கு வழியாகக் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சதுதான்."

"எனக்குத் தெரியாதே. யார் வீட்லயாவது துக்கமா?"

அவளுக்குத் தெரியும். நாட்டில் அந்தப் பாட்டு தெரியாதவர்கள் பேச்சு வராத குழந்தைகள் மட்டுமே. ஆனால் ரடிவோயே பாடுவது மெட்டை அல்ல, மெட்டுக்கு அடியில் தாங்கிப் போகும் இரண்டாம் குரலை. தனியாகக் கேட்டால் அது பெண்ணும் மாப்பிள்ளையும் வராத கல்யாண ஊர்வலம் மாதிரி இருக்கும். அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

பாட்டு 'மெல்லிய சுவர்' தொடரில் வருவது. கோடைதோறும் தொலைக்காட்சியில் மறுபடி போடுகிறார்கள். அதில் வரும் குடும்பத்துத் தகப்பன் வாரம் ஒரு வம்பு செய்வான்: பக்கத்து வீட்டுத் துணிதுவைக்கும் இயந்திரத்தை விற்றுவிடுவான், மாமியாரைத் தவறான ரயிலில் ஏற்றிவிடுவான். 'தப்புதான்' என்ற சொல் மட்டும் அவன் வாயில் வராது. கடைசியில் மேசையில் உட்கார்ந்து பாட்டை எடுப்பான்: 'படகுக்காரா, கரையில் இன்னும் ஒருத்தன் நிற்கிறேன்.' கோபித்துக்கொண்டவர் ஒரு வரி பொறுத்துவிட்டு, இரண்டாம் வரியில் சேர்ந்துகொள்வார். பாட்டுகள் கதையை இழுக்கின்றன என்று அந்தக் காலத்தில் பத்திரிகைகள் குறை சொல்லின. கதை இப்போது பாதிப் பேருக்கு மறந்துவிட்டது. பாட்டு சட்டமாகிவிட்டது. எந்த வீட்டிலும் அதை முதலில் எடுப்பவர் தப்பை ஒப்புக்கொண்டவர். கணவன்மார்களுக்குப் பூச்செலவு மிச்சம்.

ரடிவோயேவுக்கு மேலே மெட்டைப் பாடும் முதல் குரல் ஸ்வெடோமிர். அவருடைய கூம், அதாவது கல்யாணத்தில் சாட்சியாக நின்றவர்; இரண்டு வீட்டாரும் ஒருவரையொருவர் அப்படித்தான் அழைப்பார்கள். இங்கே கூடப்பிறந்தவனோடு சண்டை போட்டால் ஊர் மன்னித்துவிடும், கூமோடு போட்டால் மன்னிக்காது. எந்த விருந்திலும் ஸ்வெடோமிர் தலையைச் சாய்த்து எடுப்பார், ரடிவோயே தோளோடு தோள் சேர்ந்து அடியில் நுழைவார். எல்லோரும் ஸ்வெடோமிரைப் பாராட்டுவார்கள்.

ஸ்வெடோமிரின் மகள் கல்யாணத்திலும் அப்படித்தான் பாடினார்கள், அப்படித்தான் பாராட்டினார்கள். ரடிவோயே கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "கூம், நீ பாடறப்ப அக்கார்டியன்காரன் அழுதுட்டான் பார்த்தியா? சுருதி எந்தப் பக்கம் போச்சுன்னு தேடித்தேடி." மேசை முழுதும் சிரித்தது. ஆயுள் முழுக்க அடியில் பாடுகிறவனுக்கு அந்தச் சிரிப்பு எவ்வளவு இனிப்பு என்பது அடியில் பாடுகிறவனுக்குத்தான் தெரியும். ஸ்வெடோமிர் சிரிக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. சுருதி விலகவே இல்லை என்பது ரடிவோயேவுக்கும் தெரியும்.

"சந்தையில மிலுங்காவைப் பார்த்தேன்" என்றாள் மனைவி தெசாங்கா, இந்த நவம்பரில். மிலுங்கா ஸ்வெடோமிரின் மனைவி. "அவ புருஷன் இப்பல்லாம் பாடறதே இல்லையாம். கார்லகூட."

"தொண்டை சரியில்லையோ என்னமோ."

"தொண்டை நல்லாத்தான் இருக்கு. அடுத்த வாரம் அவங்க வீட்டு ஸ்லாவா. நீ போ."

"கூப்பிடலையே."

"ஸ்லாவாவுக்கு எவன் யாரைக் கூப்பிட்டிருக்கான்? வீட்டுக் காவல் புனிதர் நாள்னா தெரிஞ்சவன் வரான், தின்னுட்டுப் போறான். கூப்பிட்டாத்தான் அவமானம்."

"போனா பாட்டை எடுக்கணும். எனக்கு முதல் குரல் வராது, தெசாங்கா. கடவுள் சத்தியமா வராது."

"ரொம்ப வசதியாப் போச்சு உனக்கு" என்று அவள் வெங்காயத்தை நறுக்கப் போய்விட்டாள்.

அவர் சொன்னது பொய்யில்லை. அந்த வாரம் கூண்டின் மேல் நின்று முதல் குரலைப் பழகிப் பார்த்தார். மூன்றாவது சொல்லுக்குள் குரல் தானாகக் கீழே இறங்கிவிட்டது, வீடு மாற்றியபிறகும் பழைய தெருவில் திரும்பிவிடும் கால் மாதிரி. இன்னொருவர் ஆரம்பிக்கக் காத்திருந்தே பழகிய தொண்டை அது.

புனிதர் நாளன்று ஒரு குப்பி ஒயினோடும் காப்பிப் பொட்டலத்தோடும் போனார். கதவைத் திறந்த மிலுங்கா நேற்றுப் பார்த்தவள்போல, "ஷூ கழட்ட வேணாம் கூம், உள்ள வா" என்றாள். ஸ்லாவாவுக்கென்று வேகவைத்து வால்நட் சேர்த்த கோதுமையில் ஒரு கரண்டி எடுத்து, சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்வெடோமிர் எல்லோருக்கும் ஊற்றுவதுபோல அவருக்கும் பிளம் பிராந்தி ஊற்றினார்; எல்லோரிடமும் சொல்வதுபோல "வந்தது சந்தோஷம்" என்றார். அவ்வளவுதான். முட்டைக்கோஸ் இலையில் சுற்றிய இறைச்சி வந்தது, பன்றி வறுவல் வந்தது, கேக் வந்தது. சிலர் கோட்டைத் தேட ஆரம்பித்தார்கள்.

ரடிவோயே கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுப் பாட்டை எடுத்தார். 'படகுக்காரா, கரையில்' வரை மேலே இருந்தது, பிறகு இறங்கிவிட்டது. யாரோ ஒரு மருமகன், "கதவுல பூனை மாட்டிக்கிச்சா?" என்றான். மிலுங்கா அவனை ஒரு பார்வை பார்த்தாள். ரடிவோயே காது சிவக்க மறுபடி முதலிலிருந்து எடுத்தார். இந்தத் தடவை குரல் உடைந்தது, ஆனால் இறங்கவில்லை. முழு வரியையும் பாடி முடித்துவிட்டு மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்லாவா அன்று, விருந்தாளி மேசையில் இருக்கும்வரை வீட்டுக்காரர் உட்காரக் கூடாது. காலில் மாவுக்கட்டோடு இருந்த வருஷம்கூட ஸ்வெடோமிர் சுவரில் சாய்ந்து நின்றபடியே பரிமாறியவர். அவர் பிராந்திக் குப்பியைக் கீழே வைத்தார். சமையலறையிலிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து, ரடிவோயேவின் நாற்காலியோடு ஒட்டிப் போட்டு, தோளோடு தோள் சேர உட்கார்ந்தார்.